திறப்பு மீற்றரோட ஆறு வருசம்

சித்தியின்ர மகன் போன கிழமை லண்டன் குரோய்டனில ஒரு வாடகை வீட்டுக்குள்ள போனவன். போன அண்டு இரவே வட்ஸ்அப்பில ஒரு படம் வந்தது. படிக்குக் கீழ இருக்கிற அலுமாரிக்குள்ள கரண்ட் மீற்றர், அதில ஒரு பிளாஸ்ரிக் திறப்பு செருகினபடி. "அண்ணை, இது காசு போட்டுப் பாவிக்கிறதாமே. இருக்கட்டுமோ, மாத்தச் சொல்லிக் கேக்கட்டோ?"

2019 இல இருந்து 2025 சித்திரை மட்டும் நானும் இதே மாதிரி மீற்றரோடதான் இருந்தனான். திறப்பைக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு ஏத்தி, வந்து மீற்றரில செருகினால்தான் கரண்ட் வரும். இப்ப ஸ்மார்ட் மீற்றர், ஆனால் அதுவும் முன்பணம்தான். போனில சொல்லி முடிக்கேலாது எண்டுதான் இதை எழுதுறன். உங்களுக்கும் உதவும்.

தம்பி, முதல் ஒரு விசயம். அந்தச் செருகிக் கிடக்கிற திறப்பால ஒரு பவுணும் போடாதை. அது முந்தி இருந்தவையின்ர திறப்பு. அவை கொம்பனிக்குக் கடன் வைச்சிருந்தால், நீ போடுற காசில கிழமைக்குக் கிழமை அந்தக் கடனை மீற்றர் வெட்டிக்கொண்டிருக்கும். கொம்பனிக்கு அடிச்சு, வீட்டுக்கு வந்த திகதியைச் சொல்லி, உன்ர பேரில புதுத் திறப்பு எடு. எங்களுக்கு இதை ஆரும் சொல்லேல்லை. ரெண்டு மாதம் ஆற்றையோ கடனை நாங்கள் கட்டினனாங்கள்.

இனி நல்லதைச் சொல்லவேணும், ஏன் எண்டால் நல்லது நிறைய இருக்கு. இந்த மீற்றர் எனக்குக் கரண்டின்ர விலையைப் படிப்பிச்சது. பில் வாற வீட்டில மூண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு தொகையைப் பாப்பம், எது தின்னுது எண்டு தெரியாது. இஞ்ச அப்பிடியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காய வைக்கிற மெசினைப் போட முதல் திரையில 8.42 நிண்டுது. மெசின் நிண்டாப் பிறகு போய்ப் பாத்தன், 7.31. ஒரு கூடைத் துணிக்கு ஒரு பவுணுக்கு மேல! அடுத்த நாளே துணி காயப்போடுற கம்பி ஸ்ராண்ட் ஒண்டு வாங்கினன். செருகிற ஹீற்றர் ரெண்டு கிலோவாற், யூனிற் 25 பென்ஸ் எண்டால் மணித்தியாலத்துக்கு 50 பென்ஸ். பின்னேரம் மூண்டு மணித்தியாலம் போட்டால் மாதம் 45 பவுண்ஸ். ஆனால் சோறு காய்ச்சுற குக்கர் போட்டால் திரையில அசைவே பெரிசாத் தெரியாது. மகளுக்கு அப்ப எட்டு வயது, பள்ளிக்கூடம் போக முதல் இலக்கத்தை வாசிச்சுச் சொல்லிப்போட்டுத்தான் சப்பாத்துப் போடுவாள். ஆறு வருசத்தில ஒருக்காலும் பில் கடிதத்தைப் பாத்து நெஞ்சு இடிச்சதில்லை.

விலை கூட எண்டு எங்கட ஆக்கள் இப்பவும் சொல்லுவினம். அது பழைய கதை. முந்தி உண்மையாவே முன்பணக்காரர் கூடக் கட்டினவை. 2017 சித்திரையில இந்த மீற்றர்களுக்கு விலை உச்சவரம்பு வந்தது. 2023 ஆடியில இருந்து அரசாங்கம் மிச்ச வித்தியாசத்தைச் சரிக்கட்டினது. 2024 சித்திரையில, கரண்ட் கொம்பனிகளைக் கட்டுப்படுத்துற ஒஃப்ஜெம், ஸ்ராண்டிங் சார்ஜை (பாவிச்சாலும் பாவிக்காட்டிலும் நாளாந்தம் வெட்டுற நிலைக் கட்டணம்) சமப்படுத்தினாப் பிறகு, டிரெக்ட் டெபிற்றில, அதாவது பாங்கில இருந்து தானாப் போக விட்டுக் கட்டுறவையை விட எங்கட உச்சவரம்பு கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு வருசத்துக்கு விலையைப் பூட்டி வைக்கிற மலிவான திட்டங்கள் பெரும்பாலும் டிரெக்ட் டெபிற்காரருக்குத்தான், அதையும் யோசி.

இப்ப எனக்கு ஆறாத விசயத்துக்கு வாறன். அந்த ஸ்ராண்டிங் சார்ஜ்.

2024 ஆவணியில நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனனாங்கள், 28 நாள். வீடு பூட்டி, எல்லாம் நிப்பாட்டி, பிரிஜ் மட்டும் ஓடும். பத்துப் பவுண்ஸ் காணும் எண்டு நினைச்சன். பிரிஜ்ஜுக்கு நாளுக்கு 20 பென்ஸ் கூடக் கொண்டு போகாது. ஆனால் ஸ்ராண்டிங் சார்ஜ் அப்ப எங்களுக்கு நாளுக்கு 50 பென்ஸ் மட்டில. ஆளில்லாத வீட்டுக்கே 14 பவுண்ஸ். நான் அந்தக் கணக்கைப் போடேல்லை. பதினைஞ்சாம் நாள் மட்டில கரண்ட் நிண்டிட்டுது. காசு முடிஞ்சால் மீற்றர் கொஞ்சம் கடனாத் தாற அவசரக் கடன் எண்டு ஒண்டு இருக்குத்தான், ஆனால் திறப்பைக் கொண்டுபோய்ச் செருகினால்தான் அது தொடங்கும். திறப்போ என்னோட நல்லூர் வீதியில.

இரவு பதினொரு மணிக்கு வந்து கதவைத் திறக்க மணம் வாசலிலயே அடிச்சது. பிறீசருக்குள்ள கணவாய், இறால், ஒடியல் கூழுக்கெண்டு மனுசி சுத்தி வைச்ச மீன், எல்லாம் கரைஞ்சு தண்ணி நிலத்தில வடிஞ்சு கிடந்தது. போன் வெளிச்சத்தில அலுமாரிக்குள்ள குனிஞ்சு திறப்பைச் செருகி, அவசரக் கடனில லைற்றைப் போட்டு, விடியுமட்டும் ரெண்டு பேரும் துடைச்சம். மகள் கதிரையிலயே நித்திரை.

விடியக் கடைக்குப் போய் 20 பவுண்ஸ் போட்டன். செருகினால் திரையில 12.85. இரவு எடுத்த கடன் 65 பென்ஸ், சரி. மிச்சம் 6.50? கரண்ட் இல்லாமல் வீடு இருட்டுக்குள்ள கிடந்த 13 நாளுக்கும் ஸ்ராண்டிங் சார்ஜ்!

கொம்பனிக்கு அடிச்சன். கதைச்ச பிள்ளை மரியாதையாத்தான் விளங்கப்படுத்தினவா. கம்பி, கேபிள், மீற்றர் எல்லாத்துக்குமான செலவாம், பாவிச்சாலும் பாவிக்காட்டிலும் எல்லாரும் கட்டவேணுமாம். நியாயம்தான், டிரெக்ட் டெபிற்காரரும் கட்டுகினம். ஆனால் அவை ஊருக்குப் போனால் அது பில்லில ஒரு வரியாக் கிடக்கும். அவையின்ர பிறீசரை அது நிப்பாட்டாது. எனக்குக் கோவம் அதிலதான். இரவிலயும் வார இறுதியிலயும் காசு முடிஞ்சாலும் வெட்டமாட்டினம், அந்த மணித்தியாலங்கள் கொம்பனிக்குக் கொம்பனி வேற. அதைச் செய்யத் தெரிஞ்சவைக்கு, பூட்டின வீட்டுக்கு ஒரு வழி செய்யத் தெரியாதே?

கீழ் வீட்டு அம்மாவின்ர கதையையும் சொல்லாமல் விடேலாது. 2022 ஐப்பசியில இருந்து 2023 பங்குனி மட்டும் எல்லா வீட்டுக்கும் அரசாங்கம் 400 பவுண்ஸ் குடுத்தது. டிரெக்ட் டெபிற்காரருக்கு அது தானாப் போய்ச் சேந்தது. திறப்பு மீற்றர்காரருக்கு மாதம் 66, 67 எண்டு வவுச்சர் வந்தது, கடையில குடுத்து மாத்தவேணும், 90 நாளில காலாவதி. அந்த அம்மா தனிய இருக்கிறவா, இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. பங்குனியில ஒரு கடிதம் வாசிக்க எங்களைக் கூப்பிட, அலுமாரி லாச்சிக்குள்ள அஞ்சு கடிதம் உடைக்காமல் கிடந்தது. "விளம்பரம் எண்டெல்லோ நினைச்சன் மேனே" எண்டா. அந்தக் குளிர்காலம் முழுக்க அவ ஹீற்றரைப் போடாமல் கம்பளிக்குள்ள இருந்தவா. ரெண்டு வவுச்சர் காலாவதி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல லைனில நிண்டு புதுசா அனுப்பச் சொல்லி எடுத்தனாங்கள்.

ஸ்மார்ட் வந்தாப் பிறகு பாதிக் கரைச்சல் போயிட்டுது. எங்க நிண்டாலும் போனிலயே காசு போடலாம். சிக்னல் இல்லாட்டில் மட்டும், காசு போட்டாப் பிறகு வாற 20 இலக்கக் குறியீட்டைப் பாத்துப் பாத்து மீற்றரில கையால அடிக்கவேணும்.

கூட்டிக் கழிச்சுப் பாத்தால் நல்லதுதான் கூட நிக்கும், எனக்குத் தெரியும். எண்டாலும் தம்பி, மாத்திப்போடு. உன்ர பேரில கடன் இல்லாட்டில் பில் கட்டுற முறைக்குக் கேள், வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லு. நானும் இந்த மாதம் எழுதிப்போட்டன். மனுசி இன்னும் "கணக்குத் தெரியிறது நல்லதெல்லோ" எண்டுதான் நிக்கிறா, அவ சொல்லுறதிலயும் பிழையில்லை, ஆனால் அந்த மணம் எனக்கு இன்னும் மூக்கில நிக்குது.

புதுத் திறப்பு வருமட்டும் மீற்றரின்ர பட்டனை ஒவ்வொண்டா அமத்தி, வாற திரை எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பு. கடன் எண்டு ஏதும் நிக்குதோ எண்டு பாப்பம். சனிக்கிழமை பின்னேரம் வாறன்.