குளோர்தாலிடோன் மாத்திரை: அம்மாவின் பிரஷருக்கு ஒன்றரை வருடமாகக் கொடுத்த அனுபவம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்கு ஐந்துக்கு நான்கரை. அதை எங்கள் கையில் கொடுத்த விதத்துக்கு இரண்டு. எதற்காக இரண்டு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 69 வயது, விருதுநகரில் இருக்கிறார். பல வருடமாக அம்லோடிபின் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார், 5 மி.கி. போதாமல் 10 மி.கி. ஆக்கினார்கள். அப்படியும் மேல் அளவு 168, 170 என்றே நிற்கும், கீழ் அளவு மட்டும் 74, 76. கூடவே இரண்டு கணுக்காலும் வீங்கி, சாயங்காலம் ஆனால் செருப்பின் வார் பதிந்த தடம் அப்படியே தெரியும். புது டாக்டர் ஒருவரிடம் போனோம். அம்லோடிபினைப் பழையபடி 5-க்கு இறக்கிவிட்டு, குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்த்தார். "இது நீர் பிரியிற மாத்திரைம்மா, பிரஷர் நல்லா இறங்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எப்போது போட வேண்டும் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பழைய மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் இதையும் அப்போதே போட்டார். முதல் வாரம் ராத்திரிக்கு நாலு தடவை எழுந்தார். இந்த வயதில் இருட்டில் பாத்ரூமுக்கு நடப்பது எவ்வளவு ஆபத்து என்பது வயதானவர்கள் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன்தான், "பெரியம்மா, இதைக் காலைல டிபன் சாப்பிட்டதும் போடுங்க" என்று சொன்னான். மாற்றிய பிறகு ராத்திரித் தொந்தரவு நின்றது, அடிக்கடி போகும் அவசரமும் இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம், நீர் போவது குறைந்துவிட்டதே, மருந்து வேலை செய்யவில்லையோ என்று. படித்துப் பார்த்தால் விஷயம் வேறு. இந்த மாத்திரை சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் ஒரு வழியை அடைக்கிறது. உப்பு வெளியே போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது, ரத்தத்தின் கன அளவு குறைகிறது. சில வாரங்களில் உடம்பு அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது, ஆனால் அதற்குள் ரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர்ந்துவிடுவதால் பிரஷர் கீழேயே நிற்கிறது. அதனால் ‘நீர் மாத்திரை’ என்று ஊரில் சொல்லும் பெயரை வைத்து, எவ்வளவு நீர் போகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிரஷர் எவ்வளவு இறங்கியது? வீட்டில் கையில் கட்டும் மெஷின் வைத்து காலையும் மாலையும் எடுத்து நோட்டில் எழுதினோம். நாலாவது வாரம் 140-ஐ ஒட்டி வந்தது, ஆறாவது வாரம் 134, 136. இத்தனை வருடத்தில் அம்மாவுக்கு இப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை. மேல் அளவு மட்டும் ஏறி நிற்கும் பெரியவர்களுக்கு இந்த மருந்து கேட்பது ஆச்சரியம் இல்லை என்று பிறகு தெரிந்தது. 1991-ல் வெளியான ஷெப் ஆய்வு இதே மாதிரி 60 வயதைத் தாண்டியவர்களிடம்தான் நடந்தது. குளோர்தாலிடோனில் தொடங்கிய சிகிச்சையில் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. 2002-ல் முடிவு வந்த ஆல்ஹாட் ஆய்வு இன்னும் பெரியது, 33,000 பேருக்கு மேல். அதில் அம்லோடிபினுக்கும், லிசினோபிரில் என்ற இன்னொரு பிரஷர் மருந்துக்கும் எதிரில் இந்தப் பழைய மாத்திரை தோற்கவில்லை, இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் இரண்டையும்விட நன்றாகவே செய்தது. 1960-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து, விலையும் குறைவு.

கால் வீக்கம் மட்டும் வடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "நீர் மாத்திரைதானே, வீக்கம் தன்னால வத்திரும்" என்று உறுதியாகச் சொல்லியிருந்தார், நாங்களும் நம்பினோம். அம்லோடிபினால் வரும் வீக்கம் உடம்பில் நீர் கூடுவதால் வருவது இல்லை, அந்த மருந்து சின்ன ரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் கணுக்காலில் கசிந்து தேங்குகிறது. அதற்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. டோஸ் குறைத்ததால் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டு மதிப்பெண்ணின் கதை. ஏழாவது வாரம் அம்மா ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றார். பகலில் கையைக் காலைத் தூக்கவே அலுப்பாக இருக்கிறது என்று மத்தியானமே படுத்துவிடுவார். வெயில் காலம், வயசு, என்று நாங்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மனசு கேட்காமல் லேப்பில் ரத்தம் கொடுத்தோம். பொட்டாசியம் 3.0. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். இது ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். சோடியம் நல்லவேளையாக 136 இருந்தது. ஒல்லியான வயதான பெண்களுக்கு அதுவும் சரிந்து, பேச்சு குழம்பி மயக்கம் வரை போவது உண்டு.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். இந்த மாத்திரை தொடங்கினால் சில வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை, டாக்டர்களுக்குப் பாலபாடம். சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அம்மா இத்தனை நாள் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டார். கூட்டம் அதிகம், நேரம் இல்லை, எல்லாம் புரிகிறது. ஆனாலும் ஒரு வரி. யூரிக் அமிலம் ஏறும், சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் இதன் வேலையைக் கெடுக்கும், வாந்தி பேதி வந்து உடம்பு வற்றிப்போனால் உடனே டாக்டரைக் கேட்டு இதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், இதெல்லாம் நானாகத் தேடித் தெரிந்துகொண்டவை. அம்மா முழங்கால் வலிக்கு எங்களிடம் சொல்லாமலே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் அப்போதுதான் தெரிய வந்தது.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் உடனே மாற்றினார். குளோர்தாலிடோன் 6.25 ஆனது, கூட டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்து 40 மி.கி. டெல்மிசார்டன் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும், குளோர்தாலிடோன் வெளியே தள்ளும், அதனால் ஜோடி சரியாக அமைகிறது. அம்லோடிபின் வீக்கத்தையும் டெல்மிசார்டன் குறைக்கும் என்றார், ஒரு மாதத்தில் செருப்பு வார்த் தடம் போய்விட்டது. பொட்டாசியம் 4.1. பிரஷர் 130-க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கச் சொல்லி அம்மாவிடம் சண்டை போட்டதும் இதில் சேர்த்தி, உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே உப்பை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுவதில் என்ன பயன்? இளநீர், வாழைப்பழம் என்று பொட்டாசியத்துக்காக அள்ளிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். டெல்மிசார்டன் சேர்ந்த பிறகு அது தேவையில்லை, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்தாகவும் முடியும்.

வாங்குபவர்கள் கவனிக்க ஒன்று. டெல்மிசார்டனோடு சேர்ந்த நீர் மாத்திரை இரண்டு வகையில் வருகிறது. பெயருக்குப் பின்னால் ஹெச் என்று இருந்தால் அது ஹைட்ரோகுளோரோதையசைடு, சிடி என்று இருந்தால் குளோர்தாலிடோன். ஒருமுறை கடையில் சிடி இல்லை என்று ஹெச் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஹெச்சும் நல்ல மருந்துதான். 2022-ல் அமெரிக்காவில் 13,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பொட்டாசியம் குறைவது குளோர்தாலிடோனில்தான் சற்று அதிகம். ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் இரண்டும் சமம் இல்லை, குளோர்தாலிடோன் வீரியம் கூடியது, உடம்பில் ரொம்ப நேரம் நிற்பது. மாற்றுவதென்றால் டாக்டர் மாற்றட்டும், கவுன்டரில் நிற்பவர் மாற்றக் கூடாது.

அன்றைக்கு அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இப்போது வாங்குவது தெருமுனையில் உள்ள சின்னக் கடையில். அந்த அண்ணாச்சி நாங்கள் கேட்காமலே அட்டையைத் திருப்பி, பின்னால் உள்ள எழுத்தை அம்மாவிடம் காட்டி வாசிக்கவைத்துவிட்டுத்தான் பில் போடுகிறார்.