பிங்க் ஃபிளாய்ட்: இத்தனை வருடம் கேட்ட பிறகு

கல்லூரி நாளிலிருந்து பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைக் கேட்கிறேன். கேசட், சிடி, இப்போது ஃபோன் என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. 1975-இல் வெளியான அவர்களின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம் மட்டும் எல்லாவற்றிலும் கூடவே வந்தது. அந்த வயதில் உயிராகக் கேட்ட வேறு பல குழுக்களை இப்போது தேடிப் போய்க் கேட்பதில்லை. இது ஏன் விடமாட்டேன் என்கிறது?

ஆரம்பத்தில் இழுத்தது டேவிட் கில்மரின் கிட்டார். அந்த ஆல்பத்திலுள்ள ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ தொடங்கிக் கிட்டத்தட்ட நாலு நிமிடம் ஆகும்போது, நாலே நாலு ஸ்வரம் வாசிப்பார். வாசித்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருப்பார். மறுபடி அதே நாலு. அப்புறம்தான் டிரம்ஸ். குரல் வர எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்த நிதானம் இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை. அந்த நாலு ஸ்வரம் வரும்போது செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிடுகிறேன்.

அந்தப் பாட்டு யாருக்காக என்பது தெரிந்த பிறகு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. 1965-இல் லண்டனில் உருவான இந்தக் குழுவின் முதல் நாயகன் சிட் பாரெட். முதல் பாடல்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. மனம் தடுமாறி, மேடையில் வாசிக்க முடியாமல் போய், 1968-இல் விலகினார். அவர் இடத்துக்குக் கில்மர் வந்தார். ஏழு வருடம் கழித்து, 1975 ஜூனில், லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் இந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்திருந்த, கனத்த உடம்புக்காரர். யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வந்தவர் பாரெட். அப்போது அவருக்கு வயது 29தான்.

இறந்தவருக்குப் பாடும் பாட்டு எல்லா ஊரிலும் உண்டு. உயிரோடு இருந்தும் கைக்கு எட்டாமல் போனவருக்கான பாட்டு இது. எனக்கும் அப்படி ஒரு நண்பன் இருக்கிறான். அவன் ஊர் தெரியும், தெருகூடத் தெரியும். போய்ப் பார்த்தாலும் பழைய பேச்சு திரும்பாது. இப்படிப்பட்டவர்கள் வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகிறார்கள். இருபதில் ஒருத்தர்கூட இல்லை. இப்போது இந்தப் பாட்டைப் போட்டால் வரிசையாக முகங்கள் வருகின்றன. அதனால்தான் இது என்னோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பல காலம் கேட்ட பிறகுதான் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் காதில் நிலைத்தார். ரோஜர் வாட்டர்ஸின் வரிகளையும் கில்மரின் கிட்டாரையும் தாங்கிக்கொண்டு பின்னாலேயே நிற்கிறவர். ஆல்பம் முடியும் இடத்தில், இசை தேய்ந்துகொண்டே போகும்போது, ‘சீ எமிலி ப்ளே’ மெட்டின் ஒரு துண்டை வாசித்திருப்பார். பாரெட் எழுதி 1967-இல் வந்த பாட்டு அது. ஒலி ரொம்பத் தாழ்ந்திருக்கும். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் பிடிபடும். நண்பனைப் பற்றி வாயால் எதுவும் சொல்லாமல், அவனுடைய மெட்டையே கடைசியில் வாசித்துவிட்டுப் போகிறார். ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

தலைப்புப் பாடலின் தொடக்கத்தையும் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புகிற இரைச்சல், பேச்சு, கொஞ்சம் வாத்திய இசை. பிறகு அந்த ரேடியோவுக்குள்ளிருந்தே மெலிந்த குரலில் ஒரு கிட்டார். சற்று நேரத்தில் பக்கத்திலேயே ஒருவர் இருமுகிறார், இன்னொரு கிட்டாரை எடுத்து அதோடு சேர்ந்து வாசிக்கிறார். தனியாக அறையில் உட்கார்ந்து ரேடியோவுக்குத் துணை வாசிக்கிற ஆள் கண்ணுக்கே தெரிவார். கில்மர் அந்த இருமலை வெட்டாமல் விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

1973-இன் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் பற்றி எழுதாதவர் இல்லை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ ரைட்டின் பியானோவில் பிறந்தது. அதன் மேல் கிளேர் டோரி என்ற பாடகி சொல்லே இல்லாமல் குரலை மட்டும் எழுப்பிப் பாடியிருக்கிறார். அன்று அவருக்குக் கிடைத்த சம்பளம் 30 பவுண்டு. 2004-இல் வழக்குப் போட்டு, மறு வருடம் சமரசமான பிறகுதான் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. அந்தக் குரலை ஒருமுறை கேட்டவருக்கு அது எவ்வளவு நியாயம் என்று விளக்க வேண்டியதில்லை.

எல்லாமே இப்படித் தங்கவில்லை. 1979-இன் ‘தி வால்’ ஆல்பம் பெரிய படைப்புதான். ஆனால் அதிலுள்ள கோபம் எனக்கு இளவயதோடு நின்றுவிட்டது. ‘கம்ஃபர்டப்ளி நம்’ தவிர மற்றதை அடிக்கடி போடுவதில்லை.

புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு: ஷஃபிளை அணைத்துவிடுங்கள். இவர்களின் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து வருபவை. நடுவில் வெட்டினால் பாதி போய்விடும். ‘விஷ் யூ வேர் ஹியர்’ மொத்தமே ஐந்து டிராக், முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஒரே மூச்சில் கேளுங்கள். பிடித்துவிட்டால், 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 என்ற வறுமை எதிர்ப்பு இசை நிகழ்ச்சிக்காக கில்மர், வாட்டர்ஸ், ரைட், டிரம்மர் நிக் மேசன் நால்வரும் சேர்ந்து வாசித்த காணொளியைத் தேடிப் பாருங்கள். பல வருடச் சண்டைக்குப் பிறகு ஒரே மேடை. தலைப்புப் பாடல் தொடங்கும்போது, இங்கே இல்லாதவர்களுக்காக, குறிப்பாக சிட்டுக்காக என்று வாட்டர்ஸ் சொல்வார். பாரெட் அப்போது உயிரோடு கேம்பிரிட்ஜில் இருந்தார்; மறு வருடம் காலமானார். 2008-இல் ரைட்டும் போனார். நால்வரும் சேர்ந்து வாசித்தது அதுவே கடைசி.