காசல்ரீ படகுச் சவாரி: நீர்மட்டத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்

இலங்கையின் மலையகத்தில், நோர்வூட் பக்கமாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் இயங்கும் ஒரு சிறிய இயந்திரப் படகுச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. அங்கே குறுகிய சவாரி, நீண்ட சவாரி என இரண்டு உண்டு. கட்டணம் கூடினாலும் நீண்டதையே தெரிவு செய்யுங்கள். கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்து 1965ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கம், தேயிலை மலைகளுக்கு இடையே இருந்த பள்ளங்களிலெல்லாம் ஏறி நிற்பதால், அதன் கரை கிளைகிளையாகப் பிரிந்து வளைந்து செல்கிறது. குறுகிய சவாரி முதல் வளைவிலேயே திரும்பிவிடுகிறது. அதற்கு அப்பால் போனால்தான், மேகமில்லாத காலையில், சிவனொளிபாதமலையின் உச்சியை நீர்மட்டத்திலிருந்தே பார்க்க முடியும்.

படகோட்டி நிதானமானவர், வீண் வேகம் காட்டுவதில்லை, கரையோரம் மீன் பிடிப்பவர்களைக் கண்டால் இயந்திரத்தின் ஓசையைத் தணித்துக்கொள்கிறார். ஆனால் நீரில் மூழ்கிய பழைய நகரமும் கோவிலும் இங்கேதான் இருப்பதாக அவர் சொல்வதை நம்ப வேண்டாம். பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள மவுசாகலை நீர்த்தேக்கத்தில். கடும் வரட்சியில் கோவிலின் எச்சங்கள் வெளியே தெரிவதும் அங்கேதான்.

இந்தச் சேவையின் பெரிய குறை நீர்மட்டத்தைச் சார்ந்தது. காசல்ரீயின் நீர் முதலில் மின்சாரத்துக்கே உரியது: சுரங்கவழியாக 50 மெகாவாற் கொள்ளளவுடைய விமலசுரேந்திர மின்நிலையத்துக்குச் சென்று, நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து பழைய லக்சபான மின்நிலையத்தின் சுழலிகளையும் சுழற்றிய பிறகே களனி கங்கையை நோக்கி இறங்குகிறது. ஆகவே மழை குறைந்த மாதங்களில் மட்டம் வேகமாகத் தாழ்கிறது. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமோ டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதமளவில் வரும் வெசாக் பௌர்ணமி வரை நீடிக்கிறது. அதாவது வெளியூர்க் கூட்டம் மிகுந்து வரும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் நீர் பெரும்பாலும் பின்வாங்கியிருக்கும். அப்போது இறங்குதுறையின் படிகள் பயனற்றுப்போக, முதியவர்களும் குழந்தைகளும் வழுக்கும் செம்மண் சரிவில் படகு வரை நடக்க நேரிடுகிறது. தொலைபேசியில் முன்பதிவு செய்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவது ஒன்றும் சிரமமில்லை, ஆனால் சொல்வதில்லை. கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டும் தருவதில்லை.

உயிர்காப்பு அங்கிகள் பெரியவர்களுக்குப் போதுமானவை, சுத்தமானவை. சிறுவர்களுக்குப் பொருந்தும் அளவில் இல்லாததால், சின்னப் பிள்ளைகளுடன் செல்பவர்கள் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும், இல்லையேல் அவர்களைப் படகில் ஏற்றாமலிருப்பதே சரி.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும் நாட்களில் காலை எட்டு மணிக்கு முன்பாகச் சென்றால், கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சவாரி தகும். பிற்பகலில் மழையும் மூடுபனியும் சேர்ந்து வருவதால், அந்த நேரத்துக்கு முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.