செய்தித்தாளை அழித்துக் கவிதை எடுக்க ஒரு மார்க்கர்

அச்சான பக்கத்தில் வேண்டாத சொற்களை மறைத்துவிட்டு, மிஞ்சுவதைக் கவிதையாக வாசிக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. பிடித்த பக்கம், வங்கிகளின் ஏல அறிவிப்பு. அதற்கென்றே வாங்கியதுதான் இந்தக் கறுப்பு அக்ரிலிக் மார்க்கர், 1 மி.மீ. முனை.

அமெரிக்க எழுத்தாளர் ஆஸ்டின் கிளியோன் செய்தித்தாளையும் மார்க்கரையும் வைத்தே 2010-இல் இப்படி ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் பெர்மனென்ட் மார்க்கர் வாங்குகிறார்கள். நம்மூர் நாளிதழ்த் தாளுக்கு அது சரிப்படாது. மை ஊறிப் பக்கத்து எழுத்தையும் விழுங்கும், பின்பக்கமும் போச்சு. தமிழில் ஒரு புள்ளி மறைந்தாலே ‘ன்’ ‘ன’ ஆகிவிடும். பாதி அழிந்த எழுத்தின் கொம்பு வேறு தனியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அதனால் நான் வைத்த பரீட்சை இது: சொத்து விவரத்தில் வரும் ‘நான்கு எல்லைகளுக்குள்’ என்பதில் முதல் ‘கு’ மட்டும் போக வேண்டும். அக்ரிலிக் மை ஊறாமல் தாளின் மேலேயே படிந்து காய்ந்தது. ‘ன்’ மேலிருந்த புள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மிஞ்சியது:

வடக்கே பாதை
தெற்கே வாய்க்கால்
நான்
எல்லைகளுக்குள்
கிணறு

குறை இல்லாமல் இல்லை. மை இறங்க முனையை அழுத்த வேண்டும். அதைக் கவிதைத் தாளிலேயே செய்தால் சொட்டாக விழும், பக்கத்தில் ஒரு கழிவுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். பெர்மனென்ட் மார்க்கரைவிட விலை பல மடங்கு. முழுப்பக்கத்தையும் இதாலேயே நிரப்பினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் முதலில் வேண்டிய சொற்களைப் பென்சிலால் கட்டம் கட்டி, கட்டத்தின் ஓரத்தை மட்டும் இதால் அடைத்து, மீதிக்குப் போஸ்டர் கலரைத் தூரிகையால் கெட்டியாகப் பூசுகிறேன். தண்ணீர் கூடினால் தாள் சுருங்கும்.

நாளிதழில் செய்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். 1892-இல் வந்த ஒரு நாவலை 1966-இல் வாங்கி, அதன் பக்கங்களிலேயே 2016 வரை வரைந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஓவியர் டாம் பிலிப்ஸ் மாதிரி ஓவியமாகவே தீட்டப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு பேனா காணாது. பழைய புத்தகத்தாளில் வெறுமனே அழிக்க மட்டும்தான் என்றால் இந்தச் செலவே வேண்டாம். அமெரிக்கக் கவிஞர் மேரி ரூஃப்ல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களில் பூசியது ஆபீசில் பிழை திருத்துகிற அதே வெள்ளை மைதான்.