45 வினாடி: என்பிஏ நேரலைச் சந்தா, மூன்று சீசன்களுக்குப் பிறகு

திருமங்கலத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் அழைத்து, "மாமா, என்பிஏ பாக்குற சந்தாவுல விலையக் கொறச்சிருக்காங்களாம், கட்டிரவா?" என்று கேட்டான். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் சேவை அது. "பொறு மாப்ள, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். 2022 அக்டோபரில் தொடங்கி மூன்று முழு சீசன்களுக்குப் பணம் கட்டியவன் இதற்கு யோசிக்க வேண்டியதில்லைதான். ஆனால் அந்தச் சேவையின் மேல் எனக்கு இருக்கும் கோபம் நியாயமானதா என்பது எனக்கே தெளிவாக இல்லாததால், அவனுக்குச் சொல்ல வேண்டியதை எழுதியே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எத்தனை ஆட்டங்கள் வரும், எத்தனை கருவிகளில் பார்க்கலாம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். படம் தெளிவானது, வர்ணனையை அணைத்துவிட்டு அரங்கின் இரைச்சலை மட்டும் கேட்க முடிகிற நாட்களில் அது கொடுக்கும் சுகத்துக்கு ஈடில்லை. மதுரையில் இருப்பவனுக்கு நேரமும் ஒத்துவருகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் அக்டோபரில் நமக்குக் காலை 5 மணிக்கு வரும். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு 6 மணிக்கு வரும். கே.கே. நகரில் நான் நடத்தும் நகலகத்தை 9 மணிக்குத் திறந்தால் போதும் என்பதால், முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு அரக்கப் பரக்கக் குளித்து ஓடிவிடுவேன். லீகின் ஆணையர் ஆடம் சில்வர், இணையத்தில் இலவசமாகச் சுற்றும் துண்டுக் காணொளிகள் சிற்றுண்டி போன்றவை, அவற்றைத் தின்றவர்கள் முழு ஆட்டம் என்னும் சாப்பாட்டுக்கும் வருவார்கள் என்ற பொருளில் பேசியிருக்கிறார். எனக்கோ சாப்பாடே பலகார நேரத்தில்தான் கிடைக்கிறது.

குறை ஒன்றே ஒன்றுதான். நேரலை என்று அவர்கள் சொல்வது நேரலை அல்ல. புள்ளிக் கணக்கு மட்டும் காட்டும் வேறொரு செயலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல காலைகளில் அளந்து பார்த்திருக்கிறேன்; தாமதம் 45 வினாடிக்குக் குறைந்ததே இல்லை, ஒரு நாள் 58 வரை போனது. கிரிக்கெட்டாக இருந்தால் இரண்டு பந்துகளுக்கு இடையிலேயே இது ஓரளவு கரைந்துவிடும். கூடைப்பந்தில் ஓர் அணி 24 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். ஆகவே என் திரையில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது, நியூயார்க்கில் அந்தத் தாக்குதல் முடிந்து, எதிரணியின் தாக்குதலும் முடியும் தறுவாயில் இருக்கும்.

தனியாகப் பார்ப்பவனுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தனியாக இல்லை. ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒரு காலத்தில் சேர்ந்து ஆடிய பதினோரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அதில் ஒருவன் நியூ ஜெர்சியில் குடியேறிவிட்டான். அவன் வீட்டுத் தொலைக்காட்சி எங்களைவிட வெகு தூரம் முன்னால் ஓடுகிறது. சென்டர் ஆடியவன், அன்றும் சரி இன்றும் சரி, பந்தைவிட வாயே அவனுக்கு வேகம். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு மீம் போட்டாக வேண்டும் அவனுக்கு. அமெரிக்க ரசிகர்கள் அழும் மைக்கேல் ஜோர்டனை ஒட்டும் இடத்தில் அவன் நம்மூர் வடிவேலுவை ஒட்டுவான்.

இந்த அழும் ஜோர்டன் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2009 செப்டம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது பேச மேடையேறிய ஜோர்டன் கண்ணீர் விட்டார். பெருமிதத்தில் வந்த அந்தக் கண்ணீரை வெட்டியெடுத்து, தோற்றவர்களின் உடலிலெல்லாம் ஒட்டிவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் மறைந்த கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்டின் நினைவு நிகழ்ச்சியில் அழுதபடி பேசியபோது, இனி இன்னொரு அழும் மீமைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவரே சொல்லி அரங்கத்தைச் சிரிக்க வைத்தார். எனக்கு இந்தப் படத்தால் வரும் தொல்லை வேறு. அது படமே அல்ல, ஸ்கோர் போர்டு. எந்தச் சட்டைக்கு மேல் அந்த முகம் இருக்கிறதோ அந்த அணி தோற்றுவிட்டது. ஓர் எழுத்தைக்கூடப் படிக்க வேண்டியதில்லை. செயலியில் மதிப்பெண்களை மறைத்துவைக்கும் வசதி இருக்கிறது, அதை மிக நாணயமாகச் செய்திருக்கிறார்கள், ஒரு மூலையில்கூட முடிவு கசிவதில்லை. ஆனால் அறிவிப்புப் பட்டையில் தலையை நீட்டும் ஜோர்டனை அந்த வசதியால் என்ன செய்ய முடியும்?

மைதானத்தில் ஆடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடும் சுலபமான லே-அப்பைத் தவறவிட்டால், பந்து தரையைத் தொடுவதற்குள் கேலரியிலிருந்து ஒரு கேலி வந்து விழும். பந்தும் கேலியும் ஒன்றாக வருவதால்தான் தவறவிட்டவனும் சேர்ந்து சிரித்தான். மீம் என்பது அந்தக் கேலரிதான். 45 வினாடி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, இன்னும் நடக்காத ஆட்டத்துக்குச் சிரிக்கும் கேலரியோடு எப்படி ஆட்டம் பார்ப்பது?

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அரங்கில் எடுக்கும் படம் சுருக்கப்பட்டு, சில வினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, சர்வர்களைக் கடந்து வந்து, நம் கருவியில் சில துண்டுகள் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. நடுவில் நின்று சுற்றாமல் இருக்க அந்தக் கையிருப்பு வேண்டும். ஒரு வாட்ஸ்அப் படத்துக்கு இந்தச் சுமை கிடையாது. முதலில் எங்கள் தெரு இணைப்பைத்தான் சந்தேகித்தேன். வடிகாலுக்குத் தோண்டியபோது கேபிள் அறுந்து, புதிதாக இழுத்துக் கொடுத்தார்கள். வேகம் இரண்டு மடங்கானது, தாமதம் அப்படியே இருந்தது. சேவை நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். முதல் முறை செய்தேன்.

இவ்வளவு சொன்னவன் 2025 மே 22-ஆம் தேதிக் காலையையும் சொல்லாவிட்டால் அநியாயம். நியூயார்க் நிக்ஸுக்கும் இண்டியானா பேசர்ஸுக்கும் கிழக்குப் பிரிவு இறுதியின் முதல் ஆட்டம், மேடிசன் ஸ்கொயர் கார்டனில். மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது 14 புள்ளி பின்தங்கியிருந்த பேசர்ஸ், ஆரன் நெஸ்மித் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளால் மளமளவென்று ஏறி வந்தது. 125-123 என்று நிக்ஸ் முன்னிலை, என் திரையில் கடைசி வினாடிகள் இன்னும் வரவில்லை, அலைபேசி அதிர்ந்தது. பேசர்ஸ் வீரர் டைரீஸ் ஹாலிபர்ட்டன் தன் கழுத்தைத் தானே நெரித்துக் காட்டும் படம். பேசர்ஸின் பழைய வீரர் ரெஜி மில்லர் 1994-இல் அதே அரங்கில், நிக்ஸ் ரசிகரான திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயை நோக்கிக் காட்டிய அதே சைகை. கீழே வடிவேலு. ஆட்டம் முடிந்துவிட்டது என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அலைபேசியைச் சோபாவில் கவிழ்த்துப் போட்டேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "யாரு செத்தா?" என்று கேட்டாள். எரிச்சலோடுதான் மிச்சத்தைப் பார்த்தேன். ஹாலிபர்ட்டன் உள்ளே ஓடி, திரும்பி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வந்து எறிந்தார். பந்து வளையத்தின் பின்புறத்தில் பட்டு, பலகைக்கும் மேலே எழும்பி, நேராக உள்ளே விழுந்தது. சைகையும் வந்தது, நான் ஏற்கெனவே பார்த்த சைகை. அதன் பிறகுதான் நடுவர்கள் காணொளியைப் பார்த்தார்கள். ஹாலிபர்ட்டனின் கால் கோட்டின் மேல் இருந்திருக்கிறது. மூன்று அல்ல, இரண்டு புள்ளி. 125-125, கூடுதல் நேரம். ஹாலிபர்ட்டனும் ஏமாந்திருந்தார், நியூ ஜெர்சிக்காரனும் ஏமாந்திருந்தான், மீமை நம்பிய நானும் ஏமாந்திருந்தேன். கவிழ்த்த அலைபேசியை நான் நிமிர்த்தவே இல்லை. 138-135 என்று பேசர்ஸ் வென்ற அந்த ஐந்து நிமிடக் கூடுதல் ஆட்டத்தைப் போல் இந்தச் சேவையில் நான் வேறெதையும் பார்த்ததில்லை. அன்று கடையை ஒன்பதே முக்காலுக்குத்தான் திறந்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்து காத்திருந்த வக்கீல் குமாஸ்தாவிடம் திட்டும் வாங்கினேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. செயலியிலுள்ள பழைய ஆட்டங்களின் தொகுப்பில், மீம்களின் பிறப்பிடத்தைத் தேடிப் போவது என் மதிய நேர வழக்கமாகிவிட்டது. கிளீவ்லாந்து அணியில் தன்னோடு ஆடிய ஜே.ஆர். ஸ்மித்தை நோக்கி லெப்ரான் ஜேம்ஸ் இரு கைகளையும் விரித்து நிற்கும் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அது 2018 இறுதித் தொடரின் முதல் ஆட்டம். 107-107 என்ற நிலையில், அணி முன்னிலையில் இருப்பதாக நினைத்தவரைப்போல் ஸ்மித் பந்தைக் கூடைக்கு எறியாமல் நடுக்கோட்டுப் பக்கம் கொண்டுபோனார். முழு ஆட்டத்தையும் பார்த்தபோதுதான், அதற்கு முந்தைய நொடியில் முன்னிலை தந்திருக்க வேண்டிய, யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டவர் ஜார்ஜ் ஹில் என்பதும், அணியின் கையில் ஒரு டைம்அவுட் மிச்சமிருந்தும் யாரும் கேட்கவில்லை என்பதும் எனக்கு உறைத்தது. லெப்ரான் 51 புள்ளி எடுத்தும் கிளீவ்லாந்து கூடுதல் நேரத்தில் 124-114 என்று தோற்ற ஆட்டம் அது. தவறவிட்ட ஹில்லுக்கு மீம் கிடையாது. பந்தைப் பிடித்த ஸ்மித்துக்கு ஆயுள் முழுக்கக் கேலி.

ஆக, மாப்பிள்ளை, படம் நன்று, தொகுப்பு மிக நன்று, விலையும் இப்போது நியாயம். ஆனாலும் நீ கட்டாதே. 45 வினாடியை நேரலை என்று விற்பவனுக்கு நம் வீட்டிலிருந்து ஒரு சந்தா போதும். அந்த ஒன்றை நான் போன சனிக்கிழமையே புதுப்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு ஆட்டம் இருக்கிறது, திருமங்கலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம். வரும்போது இரண்டு பால் பாக்கெட் வாங்கிக்கொள், உன் அலைபேசியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.