"அசல் கடக்நாத்" குஞ்சு: 24,000 ரூபாய் போனது. வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விட்டு வைத்திருந்தேன். இன்று காலையில் அதே ஆள் அதே வீடியோவை மறுபடி ஏற்றி, "அசல் கடக்நாத், ஒரு மாதக் குஞ்சு, கொஞ்சம்தான் இருக்கு" என்று விளம்பரம் போட்டிருக்கிறார். இதற்கு மேல் சும்மா இருந்தால் இன்னும் நாலு பேர் மாட்டுவார்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குஞ்சு 120 ரூபாய், 200 குஞ்சு, மொத்தம் 24,000 ரூபாய். பஸ் பார்சல் கூலி தனி. வந்து இறங்கியது தோல், சதை எல்லாம் கறுப்பாக இருக்கும் கடக்நாத் இனம் இல்லை, கடக்நாத் சேவலை லேயர் கோழியோடு (முட்டைக்காகவே வளர்க்கும் பண்ணைக் கோழி) சேர்த்துப் பொரித்த கலப்புக் குஞ்சு. ஆடு, மாடு, கோழி எல்லாம் விற்கிற விளம்பரத் தளம் ஒன்றில் இருக்கும் பண்ணை. பெயர் போட்டால் இந்தப் பதிவைத் தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை. குஞ்சைப் பார்த்து இனம் பிரிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இந்த ஆள் என்ன செய்தார் என்று தெரிய வேண்டும்.

வீடியோ காலில் கொட்டகைக்குள் குனிந்து ஒரு குஞ்சை எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் அலகைப் பிளந்து நாக்கைக் காட்டினார், கறுப்பு. மேல் அண்ணம், அதுவும் கறுப்பு. நெஞ்சு இறகை ஊதிப் பிரித்தார், அடியில் தோல் கருநீலமாக இருந்தது. காலைத் திருப்பி உள்ளங்காலைக் காட்டினார், அடர்ந்த சாம்பல். "அண்ணே, உள்ளங்காலே கறுப்பு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். இறகு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் நம்ப வைத்தது, ஏனென்றால் அரைகுறை வியாபாரிகள் எல்லாம் இறகைத்தான் காட்டுவார்கள். இவர் காட்டிய நாலும் சரியான இடங்கள். மூன்று குஞ்சைப் பிடித்துக் காட்டினார், மூன்றும் தேறின. அந்த அழைப்பு முடிவதற்குள் யுபிஐயில் 24,000 ரூபாய் போய்விட்டது.

காட்டிய மூன்றும் பெட்டை. மொத்தத் திருட்டும் அதற்குள்தான் இருக்கிறது.

விவரம் இது. கடக்நாத்தின் தோல், சதை, எலும்புச் சவ்வு வரைக்கும் கறுப்பு ஓடுவதற்கு ஒரு மரபணு காரணம். அது ஓங்கு தன்மை உள்ளது, அப்பன் பக்கமிருந்து ஒன்று வந்தாலே வேலை செய்யும். அதை அமுக்குகிற இன்னொரு மரபணுவும் இருக்கிறது. மஞ்சள் கால், வெள்ளைக் கால் கோழிகள் பெரும்பாலும் அதைச் சுமக்கும். தோலின் உள்ளடுக்கில் கறுப்பு படியவிடாமல் தடுப்பது அதன் வேலை. இந்தத் தடுப்பு மரபணு இருப்பது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற குரோமோசோம்களில் ஒன்றான இசட்டில். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். பெட்டைக்குஞ்சு அந்த ஒன்றையும் அப்பனிடமிருந்து மட்டும்தான் வாங்கும்.

இப்போது கடக்நாத் சேவலை மஞ்சள் கால் லேயர் பெட்டையோடு விடுங்கள். பிறக்கிற பெட்டைக்குஞ்சுக்கு அம்மாவின் தடுப்பு மரபணு வந்து சேரவே சேராது. நாக்கு, தோல், கால் எல்லாம் கறுத்து அச்சு அசல் கடக்நாத் போலவே நிற்கும். சேவல்குஞ்சுக்கு அம்மாவின் இசட்டும் வரும், தடுப்பும் கூடவே வரும், அதனால் வெளுத்துவிடும். ஒரே அடையில் பொரித்த அண்ணன் தங்கையில் தங்கை மட்டும் கடக்நாத் மாதிரி இருப்பாள். வீடியோவில் தங்கையைக் காட்டினால் போதும்.

ஏன் இந்த வேலை? கடக்நாத் ஆண்டுக்கு நூறு முட்டை வைத்தாலே பெரிய விஷயம். பழுப்பு முட்டை லேயர் கிட்டத்தட்ட முந்நூறு வைக்கும். குஞ்சுக்கு ஆர்டர் குவிந்து கிடக்கும்போது தாய்க்கோழியை மாற்றினால் அதே சேவலில் மூன்று மடங்கு குஞ்சு. வெள்ளை லெகார்ன் என்கிற லேயர் இனத்தின் பக்கம் மட்டும் போகமாட்டார்கள். அதன் வெள்ளை இறகு ஓங்கு நிறம், குஞ்சு வெள்ளையாகப் பொரித்து மானத்தை வாங்கிவிடும். பழுப்பு லேயர் தாய் என்றால் பெரும்பாலான குஞ்சு கறுப்பு ரோமத்தோடுதான் வரும்.

பெட்டியில் வந்த சேவல்குஞ்சு ஒன்றைக் கையில் பிடித்தால் தெரியும். இறகு பளபளவென்று கறுப்பு. தூரத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. காலைத் திருப்பினால் முன்பக்கச் செதில் வெளுத்த சாம்பல், உள்ளங்காலும் விரலிடுக்கும் இளஞ்சிவப்பு. இறக்கையைத் தூக்கினால் அக்குளில் வெள்ளைத் தோலில் திட்டுத்திட்டாகச் சாம்பல், மை ஊறிய காகிதம் மாதிரி. நாக்கின் நுனி கறுப்பு, அடி சிவப்பு. கொண்டை நல்ல ரோஜா நிறம். ஒரு மாதக் கடக்நாத் 200 கிராமைத் தாண்டினாலே கொஞ்சம் கனமான குஞ்சு என்று சொல்வோம், இது கையில் எடுத்தவுடனே லேயர் கனம் கனத்தது.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில்களை வரிசையாகப் போடுகிறேன். உங்களுக்கும் இதே வரிசையில்தான் வரும்.

"வளர வளர கறுக்கும்ணே." கறுக்காது. இந்தக் கறுப்பு முட்டைக்குள் கரு வளரும்போதே தோலில் படிந்துவிடுகிறது. பொரித்த அன்றைக்கு உள்ளங்கால் வெளுப்பாக இருந்தால் ஆறு மாதம் கழித்தும் வெளுப்புதான். மாறுவது இறகும் கொண்டையும் மட்டும்.

"தீவனத்தை மாத்திப் பாருங்க." தீவனத்தால் கூடிக் குறைவது காலின் மஞ்சள். மக்காச்சோளத்தில் இருக்கும் மஞ்சள் சத்து தோலில் ஏறும், இறங்கும். கறுப்புக்கும் தீவனத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"இது பென்சில் வகை, அப்படித்தான் இருக்கும்." கடக்நாத்தில் முழுக் கறுப்பு, பென்சில், கோல்டன் என்று மூன்று வகை உண்டு, உண்மை. வித்தியாசம் இறகில்தான். பென்சிலுக்குக் கழுத்து இறகில் வெள்ளை விளிம்பு, கோல்டனுக்குப் பொன்னிற விளிம்பு. மூன்றுக்கும் தோல் கறுப்புதான். கோழி வளர்ப்பவனிடமே இதைச் சொல்கிற தைரியம்தான் வயிற்றெரிச்சல்.

"சர்ட்டிபிகேட் அனுப்புறேன், பாருங்க." வந்தது புவிசார் குறியீட்டுச் சான்றிதழின் படம். மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதிக் கடக்நாத் இறைச்சிக்கு 2018இல் கிடைத்த குறியீடு அது. தமிழ்நாட்டில் ஒரு கொட்டகையில் பொரித்த குஞ்சுக்கு அது எப்படிச் சான்றாகும்? யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை இறக்கி அனுப்பலாம்.

"சேவலை மட்டும் திருப்பி அனுப்புங்க, பார்சல் செலவு உங்களது." கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். சேவல் கலப்பு என்றால் அதோடு பொரித்த பெட்டையும் கலப்புதான். அந்தப் பெட்டையை வைத்து இனவிருத்தி செய்தால் அடுத்த தலைமுறையில் கறுப்பு, வெள்ளை, திட்டு எல்லாம் கலந்து வரும். பெட்டையை என் தலையில் கட்டிவிட்டு, சாட்சியாக இருக்கிற சேவலைத் திரும்பக் கேட்கிறார்.

கடைசியாக, "பில்லைப் பாருங்கண்ணே, அதுல கடக்நாத்னு எங்க இருக்கு?" பார்த்தேன். "கருப்பு நாட்டுக்குஞ்சு 200" என்று எழுதியிருக்கிறது. பேச்சில் கடக்நாத், விளம்பரத்தில் கடக்நாத், பில்லில் கருப்பு நாட்டுக்குஞ்சு. அதற்குப் பிறகு என் எண் அவரிடம் பிளாக். வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம், பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது, நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். விளம்பரத் தளத்தில் புகார் கொடுத்தால், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயம் என்று தானாக ஒரு பதில் வருகிறது. 24,000 ரூபாய் யாருக்கும் விஷயமே இல்லை.

சரி, சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். விரிவாக எழுதுகிற மனநிலையில் இல்லை.

முதலில் சேவல்குஞ்சைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் கொண்டை எழும்பி, கால் தடித்து நிற்பதுதான் சேவல். பகல் வெளிச்சத்தில் உள்ளங்கால், அக்குள், ஆசனவாய் ஓரம், நாக்கின் அடி நாலையும் பாருங்கள். நல்ல கடக்நாத் சேவலுக்கே வளர்ந்த பிறகு கொண்டையில் ஊதாவோடு கொஞ்சம் சிவப்பு தெரியலாம், அதை மட்டும் வைத்துக் கழிக்காதீர்கள். தோல் வெளுத்திருந்தால் கழித்துவிடுங்கள். "சேவல் எல்லாம் வித்துப்போச்சு, பெட்டைதான் இருக்கு" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. தாய் கருங்கால் நாட்டுக்கோழியாக இருந்தால் சேவலும் ஓரளவு கறுத்தே பிறக்கும். அதனால் தாய்க்கோழிக் கூட்டத்தையும் பார்க்க வேண்டும். எடிட் செய்த வீடியோ ஆகாது, முட்டை பொறுக்குகிற நேரத்தில் நேரில் போய் நில்லுங்கள். கடக்நாத் முட்டை வெளிர் பழுப்பாகவும் சின்னதாகவும் இருக்கும். அடைவைக்க எடுத்து வைத்திருக்கும் தட்டில் 60 கிராம் முட்டையாக அடுக்கியிருந்தால் ஏனென்று கேளுங்கள்.

விரலை எண்ணுங்கள். நாலு இருக்க வேண்டும். ஐந்தாவது விரலோ காலில் இறகோ தெரிந்தால் சில்க்கி என்கிற வேறு கோழியினம் கலந்திருக்கிறது. அதற்கும் தோல் கறுப்புதான், அதனால் நாக்குச் சோதனையில் தப்பித்துவிடும். கொண்டை ஒற்றை வரிசையாக, ரம்பப்பல் போல இருக்க வேண்டும். தாழ்ந்து மூன்று வரியாகப் படுத்திருந்தால் அசில் (சண்டைக்கோழி) ரத்தம். காலின் மேல்பக்கம் கறுப்பாகவும் உள்ளங்கால் வெள்ளையாகவும் இருந்தால் ஆஸ்ட்ரலார்ப் என்கிற கறுப்பு இறகு இனத்தின் பக்கமாக வந்தது.

ஒருநாள் குஞ்சு வாங்குகிறவர்கள் ரோமத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மற்ற கறுப்பு இறகுக் கோழிகளின் குஞ்சும் பெரும்பாலும் முதுகு கறுப்பு, வயிறு வெளிர் மஞ்சள் என்றுதான் பொரிக்கும். கடக்நாத் குஞ்சு நீலம் ஓடிய கறுப்பிலிருந்து முதுகில் ஒழுங்கில்லாத கோடு வரைக்கும் பல மாதிரி வரும். அதற்கும் அலகும் காலும்தான் சாட்சி. தராசு இருந்தால் பத்துக் குஞ்சைச் சேர்த்து எடை போடுங்கள். குஞ்சின் எடை முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். கடக்நாத் என்றால் தலைக்கு 30 கிராம் பக்கம், லேயர் தாய் என்றால் 40ஐத் தொடும்.

பணத்தை முழுதாக முன்கூட்டி அனுப்பாதீர்கள். பில்லில் "கடக்நாத்" என்று இனப்பெயர் எழுதி வாங்குங்கள். பெட்டி திறப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே 1930க்கு அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. நுகர்வோர் புகாருக்கு 1915. வந்த குஞ்சை வீட்டுக் கோழியோடு உடனே விடாதீர்கள், மூன்று வாரம் தனியே அடையுங்கள். இனத்திலேயே பொய் சொல்கிறவன் "லசோட்டா போட்டாச்சு" என்று தடுப்பூசிக் கதை சொல்வதை நம்பி வெள்ளைக்கழிச்சல் நோயை உள்ளே விட வேண்டாம்.

அந்த வீடியோவில் பின்னால் நீலத் தார்ப்பாய், இடது ஓரம் சிவப்புத் தண்ணீர்க் குவளை. கால் காட்டுகிற கையில் செப்பு வளையம். பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.