"கம்பெனியே போயிடுச்சே சார்": எட்டு வருட ஈக்கோஸ்போர்ட் அனுபவம்

போன வாரம் திருச்சியிலிருந்து நண்பன் போன் செய்தான். 2020 மாடல் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் டீசல் ஒன்று கைக்கு வருகிறதாம். ஒரே ஓனர், விலையும் நன்றாக இறங்கியிருக்கிறதாம். "எடுக்கலாமாடா?" என்றான். என் வண்டி அன்றைக்குத்தான் ஒர்க்ஷாப்பிலிருந்து வீடு வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கோபத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

என்னுடையது 2018 மார்ச்சில் எடுத்த 1.5 டீசல். 1,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜ், கிரவுண்ட் கிளியரன்ஸ், டிக்கி எவ்வளவு கொள்ளும் என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நெருக்கம் என்பது தெரிந்தேதான் வாங்கினேன். அதையெல்லாம் விட்டுவிடலாம். எனக்குச் சொல்ல இருப்பது கதவைப் பற்றி. அப்புறம், நாலு வருடத்துக்கு மேலாக எங்கே போனாலும் காதில் விழுகிற ஒரு வாக்கியத்தைப் பற்றி.

முதலில் கதவு. இதற்கு முன்பு எங்கள் வீட்டில் இருந்த வண்டியில் கதவைப் பலமாக அறைந்தால்தான் மூடும். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. அவர் சாத்தினால் பாதிதான் மூடும், நான் இறங்கிப் போய் மறுபடி சாத்துவேன். இந்த வண்டி வந்த முதல் நாள் அம்மா வழக்கம்போல் லேசாகத் தள்ளினார். 'தொப்' என்று அடங்கிய ஒரு சத்தம், அவ்வளவுதான். பஞ்சு மூட்டை தரையில் விழுந்த மாதிரி. அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "மூடிடுச்சா?" என்றார். எட்டு வருடம் ஆகிவிட்டது. சீட் துணி தேய்ந்துவிட்டது, ஸ்டியரிங்கில் என் கை படுகிற இடம் பளபளக்கிறது. அந்தச் சத்தம் மட்டும் மாறவே இல்லை.

கதவுச் சத்தத்தை வைத்து வண்டி வலுவானது என்று முடிவு கட்டக் கூடாது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் பதினோரு வருடம் கதவு பொருத்தும் வேலையில் இருந்தவர். கதவைச் சுற்றி ஓடும் ரப்பர், லாக், கீல், உள்ளே ஒட்டியிருக்கும் அதிர்வு தாங்கும் ஷீட், மூடும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே போக விட்டிருக்கும் வழி, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சத்தம் என்பார். விபத்தில் ஆளைக் காப்பாற்றும் வலு வேறு கணக்கு. 2014 ஜனவரியில், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஐந்து இந்தியச் சின்ன கார்களை மோதிப் பார்த்தது. ஐந்தும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். அதில் மறைமலைநகரில் செய்த ஃபிகோவும் ஒன்று. மறுபக்கம், ஐரோப்பாவில் விற்ற ஈக்கோஸ்போர்ட் 2013இல் யூரோ என்கேப் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. அந்த நாலு நட்சத்திரத்தை இங்கே விற்ற எல்லா வேரியன்டுக்கும் ஒட்டிவிட முடியாது, ஏர்பேக் எண்ணிக்கையே வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வருடங்களில் ஐரோப்பாவுக்குப் போன ஈக்கோஸ்போர்ட்டும் மறைமலைநகரில் செய்ததுதான். 2017க்குப் பிறகுதான் ருமேனியாவில் கிரயோவா ஆலைக்கு அந்த வேலை மாறியது.

இந்த விஷயம் பலருக்குத் தெரியாது. 'அமெரிக்கன் கம்பெனி, அதுதான் கட்டுமானம் அப்படி' என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் வண்டியின் சேஸிஸ் நம்பர் எம்.ஏ.ஜே. என்று தொடங்கும். எம்.ஏ. இந்தியாவைக் குறிக்கும், மூன்று எழுத்தும் சேர்ந்தால் ஃபோர்டு இந்தியா. 2018 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட்டுக்கும் அதே எம்.ஏ.ஜே.தான். ஃபோர்டு பிறந்த நாட்டில், ஃபோர்டு ஷோரூமில், செங்கல்பட்டு மாவட்டத்து வண்டி நின்றது. கூடுவாஞ்சேரியில் விடியற்காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு நின்ற பிள்ளைகள் கை வைத்த வண்டி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

வண்டியின் பிறப்பைப் பார்த்தாலும் ஒரு நாட்டோடு நிற்காது. அடித்தளம் ஃபியஸ்டாவுடையது. வடிவமைத்தது பிரேசில் குழு. 2012இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். பிரேசில், இந்தியா, சீனா, ரஷ்யா, ருமேனியா என்று பல நாட்டில் செய்தார்கள். டீசல் என்ஜின் குடும்பம் பிரான்ஸின் பிஎஸ்ஏ கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியது. டிக்கி கதவு மேலே தூக்குவது கிடையாது, பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னி அதன் முதுகில் தொங்கும். கைப்பிடி வலது டெயில் லேம்ப்புக்குள் ஒளிந்திருக்கும். கதவு இடப்பக்கமாக விரியும். நம் ஊரில் ரோட்டோரம் நிறுத்தினால் நடைபாதை இடப்பக்கம்தானே, அதனால் சாமான் ஏற்ற ரோட்டுப் பக்கம் சுற்றி வர வேண்டும். பிரேசிலில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு நடைபாதை அந்தப் பக்கம். அங்கே வரைந்த கதவு இங்கேயும் அப்படியே வந்துவிட்டது என்பது என் ஊகம். எனக்கு இது பழகிவிட்டது. அந்தக் கைப்பிடியைத் தடவித் தேடும் விருந்தாளிகளுக்கு நான்தான் திறந்து காட்டுவேன்.

சரி, வாக்கியத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். சுமார் 4,000 பேர் வேலை பாதிக்கப்படும் என்று அவர்களே சொன்னார்கள். 2022 மே கடைசியில் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஜூலையில் மறைமலைநகரில் கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து பெட்ரோல் பங்க், கல்யாண வீடு, டோல் பூத் வரிசை, எங்கே வண்டியை நிறுத்தினாலும் ஒருவர் வருவார். வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். "நல்ல வண்டி சார். என்ன, கம்பெனியே போயிடுச்சே" என்பார். துக்க வீட்டில் கையைப் பிடித்துச் சொல்கிற மாதிரி. முதல் வருடம் சிரித்துவிட்டு நகர்ந்தேன். இப்போது முடியவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ரிவர்ஸ் எடுத்த ஒரு தண்ணீர் லாரி என் வண்டியின் பின்பக்க வலது மூலையில் இடித்துவிட்டது. டெயில் லேம்ப் நொறுங்கியது. அதற்குள் இருந்த கைப்பிடியும் போயிற்று. ஆக டிக்கியைத் திறக்க வழியில்லை. டிக்கி கதவின் ஓரமும் கொஞ்சம் மடங்கியிருந்தது. இன்சூரன்ஸ் கேஷ்லெஸ் உள்ள ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். சர்வேயர் மூன்றாம் நாள் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார். அப்புறம் பதினேழு நாள். எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்: "பார்ட்ஸ் வரணும் சார். கம்பெனியே போயிடுச்சே, நாங்க என்ன பண்றது? புதுப்பேட்டையில பழசு கிடைக்குமான்னு பாருங்களேன்."

பதினேழாம் நாள் நேரில் போய் நின்றேன். ஆர்டர் போட்ட காகிதத்தைக் காட்டுங்கள் என்றேன். காகிதம் இல்லை, ஏனென்றால் ஆர்டரே போடவில்லை. கம்பெனி போய்விட்டது, எப்படியும் வராது என்று அவர்களே முடிவு செய்து என் வண்டியை மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். டிக்கி மேல் தூசி படிந்து அதில் யாரோ விரலால் கோடு கிழித்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. போனது விற்பனை. சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்று சொல்லித்தானே போனார்கள்? நானே ஃபோர்டு சர்வீஸ் சென்டர் பார்ட்ஸ் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் சேஸிஸ் நம்பரைத் தட்டினார், பார்ட் நம்பர் வந்தது, அட்வான்ஸ் கட்டினேன். ஆறாம் நாள் லேம்ப் பெட்டியோடு வந்துவிட்டது. ஆறு நாள்! இதற்குத்தான் பதினேழு நாள் எனக்கு இரங்கல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், எல்லாப் பார்ட்ஸும் இப்படி ஆறு நாளில் வரும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். வருகிற வருடங்களில் காத்திருப்பு கூடலாம். ஆனால் கேட்டே பார்க்காமல் 'வராது' என்பது சோம்பேறித்தனம். இந்த வாக்கியம் இன்றைக்கு அதற்கு ஒரு போர்வை.

வேலை முடிந்து வண்டி வந்த அன்று ராத்திரி எதிர்வீட்டுத் தம்பி ஷிஃப்ட் முடிந்து வந்தார். இப்போது ஒரகடம் பக்கம் வேறொரு ஆலையில் இருக்கிறார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு டிக்கி கதவின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினார். கேப், ஃப்ளஷ் என்று அவர்கள் பேச்சில் சொல்வது இதுதான்: இரண்டு தகட்டுக்கு நடுவில் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, ஒன்றைவிட ஒன்று மேடாக நிற்கிறதா. பாதி வழியில் நகம் நின்றது. "மேல நாலு மில்லி, கீழ அஞ்சரை இருக்குண்ணா. டிங்கரிங் பண்ணவங்க கீலை சரியா வைக்கல" என்றார். கதவை இரண்டு தடவை மூடித் திறந்தார். 'டொக்' என்றது. முகத்தைச் சுளித்தார்.

மறுநாள் அவரே கூட வந்தார். லீவு நாள். ஒர்க்ஷாப்பில் கீல் போல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு, "கொஞ்சம் மேல, போதும், இறுக்கு" என்று முக்கால் மணி நேரம் நின்றார். லாக் மாட்டுகிற கொக்கியையும் அரை நூல் நகர்த்தினார். பிறகு மூடினார். அதே 'தொப்'. அவர் ஒன்றும் பேசவில்லை, கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். பக்கத்து வண்டியில் வேலை செய்துகொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

பிராண்ட் விசுவாசம் என்று பேசுகிறார்கள். எதன் மேல் வைப்பது? ஜாகுவார், லேண்ட்ரோவர் இரண்டையும் 2008இல் ஃபோர்டு டாடாவுக்கு விற்றது. வால்வோவை 2010இல் சீனாவின் ஜீலிக்கு விற்றது. குஜராத்தில் ஃபோர்டின் சாணந்த் கார் ஆலை 2023இல் டாடா கைக்குப் போனது. ஈக்கோஸ்போர்ட் வளர்ந்த பிரேசிலின் கமசாரி ஆலையை 2021 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தார்கள், இன்று அங்கே சீனாவின் பிஒய்டி. எம்ஜி என்று பிரிட்டிஷ் பெயர் போட்ட வண்டி குஜராத்தில் ஹலோலில், பழைய செவர்லே ஆலையில் வருகிறது. மூக்கில் இருக்கிற பெயரை நம்பி எந்த வண்டியையும் என்னால் இனி வாங்க முடியாது. நான் நம்புவது அந்தக் கட்டைவிரல் நகத்தை. நல்ல வேளை, அது இன்னும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட ஆலைகளில்தான் இருக்கிறது, வேறு பெயர்களுக்கு வேலை செய்துகொண்டு.

2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டு தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ₹3,250 கோடி, மறைமலைநகரில் என்ஜின் தயாரிப்பு, 2029இல் தொடக்கம், எல்லாம் ஏற்றுமதிக்கு. சந்தோஷம்தான். தம்பியிடம் "திரும்பப் போவீங்களா?" என்று கேட்டேன். "என்ஜின்ல கதவு இல்லையேண்ணா" என்றார்.

நண்பனுக்கு என் பதில் இதுதான்: எடுக்காதே. வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட்டிப் பார்த்தால் உனக்கு இறங்க மனசு வராது. ஆனால் உன் எதிர்வீட்டில் இப்படி ஒரு தம்பி இல்லை. ஒவ்வொரு ஒர்க்ஷாப்பிலும் அந்த வாக்கியத்தோடு சண்டை போட உனக்குப் பொறுமை போதாது. எனக்கே இந்த மாதம் போதவில்லை. "அப்ப உன்னோடதை எனக்குக் கொடுத்துடு" என்றான். தர மாட்டேன் என்றேன். 2033 வரை ஆர்சி இருக்கிறது, அதுவரை ஓட்டுவேன்.

போனை வைக்கும் முன், அந்தத் திருச்சி வண்டி எந்த மாதம் செய்தது என்று கேட்டேன். 2020 நவம்பராம். சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். அது அவருடைய மகள் பிறந்த மாதம். அந்த மாதம் முழுக்க அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட்டாம், இடப்பக்க முன்கதவு.